நீதிபதி தின்ற ஆப்பிள் கேக்

எங்கள் மிச்சிகன் பக்கத்தில் நீதிபதியும் ஓட்டு வாங்கித்தான் பதவிக்கு வரவேண்டும். ஆனால் தேர்தல் செலவுக்குத் தன் வாயால் காசு கேட்கக்கூடாது. அதனால் மீன்பிடி கிளப்பில் விருந்து முடிந்து அவருடைய தேர்தல் கமிட்டிக்காரர் நன்கொடை கேட்க மைக்கைப் பிடித்ததும், நீதிபதி ஹால்வர்சன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் நிற்பார். யார் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாதாம்.

ஆர்டிஸ் குபிசெக் அதை நம்பியதே இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். என் பக்கத்து வீட்டுக்காரி. யார் தேர்தலில் நின்றாலும் விருந்துக்கு ஆப்பிள் கேக் அவளுடையதுதான். அந்த அக்டோபரில் நானும் அவளோடு கிளப் சமையலறையில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஹால்வர்சன் மரங்களைப் பார்ப்பதுபோல் குளிரில் நின்றிருந்தார்.

"மரத்தையா பாக்குறாரு? எந்த மேசையில கை தூக்குறாங்கன்னு பாக்குறாருடீ," என்றாள்.

முதல் மேசை கல்குவாரிக்காரர்களுடையது; முதலில் கை தூக்கிச் செக் எழுதியதும் அவர்கள்தான். அவர்கள் வெடி வைக்கத் தொடங்கிய பிறகு ஆர்டிஸின் கிணற்றில் சாம்பல் நிறத் தண்ணீர்தான் வந்தது. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் என் காரில்தான் கேன் கேனாகக் கொண்டுவந்தோம். புதுக் கிணறு கேட்டு அவள் போட்ட வழக்கு ஹால்வர்சனிடம்தான் இருந்தது.

மறுவாரமே, குவாரியின் பணம் வாங்கியவர் இந்த வழக்கிலிருந்து விலக வேண்டும் என்று மனுக் கொடுத்தாள். குவாரி வக்கீல் பதற்றமே இல்லாமல் எழுந்தார். இந்த அம்மாளும்தான் நீதிபதிக்குக் கேக் கொடுத்திருக்கிறார், அதுவும் நன்கொடைதானே என்றார். ஹால்வர்சன் அதைப் பிடித்துக்கொண்டார். இரு தரப்பும் கொடுத்திருப்பதால் தான் நடுநிலையில்தான் இருப்பதாகச் சொல்லி, விலக மறுத்துவிட்டார்.

"என் கேக்கும் அவங்க செக்கும் ஒரே எடையா, ஐயா?" என்று ஆர்டிஸ் கேட்டாள். உட்காரச் சொன்னார்கள்.

தேர்தலில் ஹால்வர்சன் ஜெயித்தார். குளிர்காலத்தில் தீர்ப்பு வந்தது: குவாரி அவளுக்குப் புதுக் கிணறு தோண்டித் தரவேண்டும். எனக்குச் சந்தோஷம். அவள் முகத்தில் அது இல்லை. மளிகைக் கடையில் குவாரி லாரி ஓட்டும் டுவேன் வேறு சீண்டினான்.

"ஆர்டிஸ், ஒரு கிணத்துக்கு எத்தனை கேக் ஆச்சு?"

அவள் பால் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். காரில் ஏறியதும், கேக் சுடாமல் இருந்திருந்தால் எப்படித் தீர்ப்பாகியிருக்கும் என்று என்னைக் கேட்டாள்.

கிணறு தோண்ட ஆள் வருவதற்குள் குவாரி மேல்முறையீடு செய்துவிட்டது. காரணம், நீதிபதி ஆர்டிஸின் கேக்கைத் தின்றவர், விலகியிருக்க வேண்டும் என்பதுதான். விலகத் தேவையில்லை என்று வாதாடிய அதே வக்கீல்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். தோண்டும் வேலை நின்றது.

நாங்கள் மறுபடி கேன்களை இறக்கினோம். மேல்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து கேட்பார்கள், அங்கே நியாயம் கிடைக்கும் என்று தைரியம் சொன்னேன். ஆர்டிஸ் கேனைக் கீழே வைத்தாள்.

"அவங்களும் ஓட்டு வாங்கி வந்தவங்கதானே? அவங்க விருந்துல முதல் மேசை யாருதுன்னு விசாரி."