நல்ல தண்ணீரில் ஊறிய எஸ்.எஸ்.டி.

கம்ப்யூட்டரில் தகவல் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வாங்க நான் எடுத்துக்கொண்ட சிரத்தையை என் கல்யாணத்துக்கு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பழவேற்காட்டு உப்புக்காற்றும், நினைத்தபோது போகிற கரண்டும் சேர்ந்து பழைய ஹார்டு டிஸ்க்கைக் கரகரக்க வைத்திருந்தன. சுழலும் தகடு இல்லாதது, அதிர்ச்சி தாங்குவது, நீண்ட உத்தரவாதம் உள்ளது என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினேன். எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, சரிபார்த்து, பழைய டிஸ்க்கைச் சென்னையில் மகனிடம் கொடுத்து வைத்தேன். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது விதி. விதிகளை மதித்தே ஓய்வு பெற்றவன் நான்.

அதில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இறந்துபோன என் மனைவி இறால் உரித்துக்கொண்டே பேசும் வீடியோ. கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவள். அவள் குரல் வேறெங்கும் இல்லை.

புயல் மழையில் ஏரி வீட்டுக்குள் வந்தபோது நான் மகன் வீட்டில் இருந்தேன். கம்ப்யூட்டர் மூழ்கிவிட்டது. படகு வைத்திருக்கும் மைத்துனனுக்குப் போன் செய்து, உள்ளே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் கழற்றி வைக்கச் சொன்னேன்.

"கயட்டி பத்திரமா வெச்சிகிறேன் மாமா. நீ நிம்மதியா வா."

பாதை திறந்ததும் போனேன். பக்கெட்டின் மூடியைத் திறந்து காட்டினான். தண்ணீருக்கடியில் கிடந்தது.

"நல்லதண்ணி மாமா. தெனம் மாத்திகினு இருந்தேன். ஏரில வுழுந்த என்ஜினை வெளில வெச்சா காத்து பட்டுத் துரு புட்ச்சிக்கும்ல? மெக்கானிக் வர்ற வரைக்கும் தண்ணிலதான் கெடக்கணும். அப்புறம் டீசல் வுடலாம்னு பாத்தேன். உன்னைக் கேட்டுக்கலாம்னு வுட்டுட்டேன்."

"பெரிய மனசு" என்றேன்.

சென்னையில் தகவல் மீட்கும் கடைக்காரர், உள்ளே சில்லு அரித்துப் போய்விட்டது என்றார். தகவல் பூட்டிக் கிடக்கிறதாம், சாவியும் அதே சில்லில்தானாம். பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் தகட்டைத் துடைத்தாவது பார்த்திருக்கலாம் என்பதையும் நான் கேட்காமலேயே சொன்னார்.

அங்கிருந்து மகனிடம் போய்ப் பழைய டிஸ்க்கைக் கேட்டேன்.

"அதை அழிச்சிட்டு டிவிக்குப் படம் ஏத்திட்டேம்பா. ஒரிஜினல் உங்க கிட்டதான இருக்கு?"

அவனும் விதியைப் படித்திருக்கிறான், பாதி.

ஊர் திரும்பியதும் மைத்துனன் வந்தான். அந்த வீடியோவை அவன் பார்த்ததே இல்லை.

"இன்னா மாமா பேசினா அக்கா அதுல?"

"போனைக் கீழ வெச்சிட்டு வெங்காயம் அரின்னா."

"அக்காவா? உன்னை ஒரு சொம்பு தூக்க வுட மாட்டாளே. நீ மாத்திச் சொல்றே."

"எத்தினி வாட்டி பார்த்திருக்கேன்."

"நான் அவகூடப் பொறந்தவன் மாமா."

ஆதாரம் இணைக்காத மனுக்களை உத்தியோகத்தில் திருப்பி அனுப்பியே பழகியவன் நான். அவன் எழுந்து போனான். வாசலைத் தாண்டும்போதும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே போனான்.