அக்காவுக்குத் தொண்டைக்கட்டு

எங்கள் வீட்டில் பெரியம்மா வைத்ததுதான் சட்டம். அந்தச் சட்டம்தான் என் அக்காவைக் கொன்றது. இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அறுபதுகளின் கடைசியில் சிட்லபாக்கத்தில் இருந்தோம். அக்காவுக்குச் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து, போகும்போது இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. எங்களை வைத்துக்கொண்டே டாக்டர் அம்மாவிடம் சொன்னார்: "சிலருக்கு வால்வு சரியா மூடாது, ரத்தம் பின்னாடி கசியும். உங்க பொண்ணுக்குச் சுருங்கிப்போச்சு, சரியா திறக்கல. முதல்ல ஆபரேஷன். அதுக்கு முன்னாடி கல்யாணம், குழந்தைன்னு இறங்கிடாதீங்க."

"ஆபரேஷன் பண்ணிடலாம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று வீட்டில் அக்கா கெஞ்சினாள். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மாருல தழும்போட இருக்கிறவள எவன்டி கட்டுவான்? கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப்போயிடும்." அம்மா டாக்டர் சீட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

சேலையூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சர்ச்சில் பாடகர் குழு நடத்துகிறவர். பெண்ணை ஒரு கீர்த்தனை பாடச் சொன்னார். அக்காவுக்கு இரண்டு அடி பாடினாலே மூச்சு வாங்கும். பெரியம்மா முந்திக்கொண்டாள்: "அவளுக்குத் தொண்டைக்கட்டுங்க. சின்னவ பாடுவா. ரெண்டு பேருக்கும் ஒரே குரல்தான்!"

பத்து வயது எனக்கு, தலைகால் புரியவில்லை. மூன்று சரணத்தையும் கணீரென்று பாடித் தள்ளினேன். "தங்கச்சியே இப்படின்னா அக்கா எப்படிப் பாடுவா!" என்று அந்த அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளினார். அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

மறுவருஷம், ஏழாம் மாத வயிற்றோடு, படுக்கவும் முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்து அக்கா செத்தாள். "கர்த்தர் எடுத்துக்கிட்டார்" என்றாள் பெரியம்மா. பழியைத் தூக்கிக் கர்த்தர் தலையில் போட்டாள், வெட்கங்கெட்டவள்!

அவளை மட்டும் திட்டி என்ன? அன்று விருந்தாளிகள் போனதும், காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினேன். "எப்படிக்கா பாடினேன்?"

அவள் திரும்பவே இல்லை. "ஏண்டி அவ்வளவு நல்லா பாடின?" என்றாள்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.