அரைச் சுத்து

பெயின்ட் அடிக்கப் போன வண்டி மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அன்றைக்கே வண்டிக்குச் சொந்தக்கார அம்மா போன் பண்ணி என்னை மயிலாப்பூருக்கு வரச் சொன்னார்கள்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்து வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். அவர்கள் வீட்டு ஐயா வாங்கியது. ஐயா இப்போது இல்லை. இருபது வருஷமாக அதற்கு நான்தான் மெக்கானிக். அசோக் நகர் பெயின்ட் கடையைச் சொன்னதும் நான்தான்.

“பாய், இது எங்க வண்டி இல்ல. அந்தக் கடைல இன்ஜினை மாத்திட்டா. சத்தமே வேற. அவர் ஓட்டறச்சே இருந்த உயிர் இதுல இல்ல,” என்றார்கள்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கும் அதில் பங்கு உண்டோ என்கிற பார்வை.

ஸ்டார்ட் பண்ணினேன். ஒரே தடவையில் பிடித்தது. முன்பெல்லாம் மூன்று தடவை ஆகும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். இப்போது அதுவும் இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த இன்ஜினுக்கு வெளியே நல்ல கிராக்கி.

கடைக்காரனுக்குப் போன் போட்டேன்.

“இன்னா பாய், நான் திருடன்றியா? டியூனிங் பண்ணேன், அவ்ளோதான். உன் வேலையையும் சேத்து நான் செஞ்சிகிறேன், ஒரு டீ வாங்கிக் குடு,” என்றான்.

நம்பவில்லை. இன்ஜின் நம்பர் சரியாக இருந்தது. அதையும் நம்பவில்லை. வேறு இன்ஜினில் அதே நம்பரை வெட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். முன்பு ஒரு தடவை இந்த இன்ஜினில் போல்ட் ஒன்று உள்ளேயே உடைந்து, துளை போட்டு வேறு வைத்தேன். கை தவறிக் கோணலாகப் போனது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கோணல் அப்படியே இருந்தது.

அதே இன்ஜின்தான்.

அப்புறம் ரப்பர் குழாயைக் காதில் வைத்து பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற இரண்டு கார்பரேட்டரையும் கேட்டேன். இரண்டும் ஒரே அளவாகக் காற்று இழுத்தன. அப்போதுதான் உறைத்தது.

முதல் தடவை இந்த வண்டியைத் தொட்டபோது பின் கார்பரேட்டர் ஸ்க்ரூவை அரைச் சுத்து அதிகமாகத் திறந்துவிட்டேன். கவனக்குறைவு. ஐயா பீச் ரோடு வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து, “இப்பதான் பாய் இதுக்கு உயிர் வந்திருக்கு,” என்றார். அந்தப் படபட சத்தமே என் தப்பு என்று மறு வாரமே எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு சர்வீசுக்கும் அதே அரைச் சுத்து வைத்தேன்.

சொன்னால் இருபது வருஷப் பேர் போகும். சொல்லாவிட்டால் நான் திருடன்.

சொன்னேன். கோணல் போல்ட்டையும் சொன்னேன்.

அம்மா கிட்டே வந்தார்கள்.

“அப்போ அவர் சொல்லிச் சொல்லி ரசிச்சதெல்லாம் உங்க தப்பைத்தானா?”

“ஆமாம்மா.”

“அந்தக் கோணல் போல்ட்டைக் காட்டுங்கோ.”

காட்டினேன். குனிந்து விரல் வைத்துத் தடவிப் பார்த்தார்கள். என் பேச்சை மட்டும் நம்பத் தயாரில்லை. அது நியாயம்தான்.

“பழையபடி தப்பாவே வெச்சுக் குடுங்கோ.”

“பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும்மா.”

“குடிக்கட்டும்.”

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.