சிரித்தாலும் நழுவாத கண்ணாடி

"சிரி," என்கிறாள் உனைசி.

முக்காலியில் உட்கார்ந்திருக்கும் டாக்ஸிக்காரர் பல்லைக் காட்டுகிறார்.

"இது சிரிப்பா? பல்லு பிடுங்க வந்தவன் மாதிரி இருக்கு. உங்க நதேவாப் பக்கத்து ஆளுங்களே இப்படித்தான். நண்டு கடிச்சாலும் இந்த மூஞ்சி, கல்யாணத்துலயும் இந்த மூஞ்சி. உன் பொண்டாட்டி எப்படித்தான் வித்தியாசம் கண்டுபிடிக்கிறாளோ!"

ஆள் வெடித்துச் சிரிக்கிறார். கன்னம் இரண்டும் மேலே எழும்புகின்றன. கூலிங் கிளாஸும் கூடவே எழும்பிப் புருவத்தில் முட்டுகிறது. உனைசி அதைக் கழற்றிக் கயிற்றில் மாட்டிவிடுகிறாள். "இது உனக்கு ஆகாது. நீ அழுதுக்கிட்டே வண்டி ஓட்டுறதா இருந்தாத்தான் இது நிக்கும். அடுத்தத எடு."

எங்கள் தீவில் சவுசவு ஊர்ச் சந்தையின் பின்வாசலில், மீன்காரர்களுக்கும், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் விற்கும் என் கடைக்கும் நடுவில் அவள் கடை. கடை என்றால், ஒரு பழைய கதவை இரண்டு பீப்பாய்களின் மேல் படுக்கப் போட்டது. தலைக்கு மேலே ஒரு கயிறு. அதில் கண்ணாடிகள் காயப்போட்ட கருவாடு போலத் தொங்கும். அவளுக்கு அறுபது வயது. அகன்ற தோள், காதோரம் ஒரு செம்பருத்தி, தூண்டில் நரம்பில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட சொந்தக் கண்ணாடி. கதவின் மேல் எப்போதும் மூன்று சாமான்கள்: கைப்பிடி வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, ஒரு பிளாஸ்க், ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவைத் திறந்தால் செத்துப்போன மூக்குக் கண்ணாடிகளின் காதுக் கம்பிகள், திருகாணிகள், மூக்கில் உட்காரும் ரப்பர்கள்.

கண்ணுக்கு நம்பர் எழுதிக் கொடுப்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் வேலை. அதை முகத்தில் நிற்க வைப்பதுதான் தன் வேலை என்பாள். "டாக்டரு கண்ணப் பார்த்தாரு. மூக்கையும் காதையும் யாரு பார்க்கிறது?"

வருகிறவர்கள் எல்லாம் முதலில் முகம் பார்க்கும் கண்ணாடியைத்தான் தேடுவார்கள். அதை அவள் முந்தானைக்குள் மறைக்கிற மாதிரி மடியில் கவிழ்த்துக்கொள்வாள். "அழகு அப்புறம். முதல்ல குனிஞ்சு செருப்பு வாரை மாட்டு." குனிந்தவுடன் கண்ணாடி விழுந்தால் அது போச்சு. அப்புறம் தலையை நாய் உதறுவது போல உதறச் சொல்வாள். இமை மயிர் கண்ணாடியில் உரசுகிறதா என்று கொட்டக் கொட்டக் கண் சிமிட்டச் சொல்வாள். கடைசியில், மாட்டிக்கொண்டே போய் மீன் பேரம் பேசிவிட்டு அரை மணி கழித்து வரச் சொல்வாள். திரும்பி வந்தால் கழற்றி, மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்புப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். "பாரம் மூக்குல உட்காரணும். காது பிடிச்சுக்கிட்டா போதும், சுமக்கக் கூடாது. காது சுமந்தா சாயங்காலம் தலைவலி, வீட்டுல சண்டை."

வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தனிச் சோதனை. நேரே பார்க்கச் சொல்லி, காதுப் பக்கத்திலிருந்து தன் விரலை மெதுவாக முன்னால் கொண்டுவருவாள். "தெரியுதா? தெரியலயா? கம்பி தடிமனா இருக்கு. பக்கத்துல வர்ற லாரி உனக்குத் தெரியாது, லாரிக்காரனுக்கு நீ தெரிவ. வேண்டாம்." கன்னங்கறுப்பாக எவனாவது கேட்டால் திட்டு விழும். "கடற்கரை ரோட்டுல வெயில் கொளுத்தும். அடுத்த நிமிஷம் தென்னந்தோப்புக்குள்ள நுழைவ. அங்க உனக்கு மட்டும் ராத்திரி ஆயிடும். பழுப்பு எடு, கடல் மினுக்குற கண்கூச்சத்த அறுக்கிறதா எடு. பொழுது சாய்ஞ்சா கழட்டிப் பையில போடு."

கம்பியை வளைக்க அவள் நெருப்பு வைப்பதில்லை. ஊருக்குப் பின்னால் கொதிக்கும் ஊற்றில், நாங்கள் மரவள்ளிக் கிழங்கைச் சாக்கோடு இறக்கி வேகவைக்கும் இடத்தில், காலையில் பிளாஸ்கை நிரப்பிக்கொண்டு வருவாள். தகரக் குவளையில் அந்த நீரை ஊற்றிக் கம்பியின் நுனியை மட்டும் முக்குவாள். கண்ணாடியில் ஒரு சொட்டு படவிட மாட்டாள்.

இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. எங்களுக்குத் தலை புனிதம். இன்னொருத்தர் தலையைச் சும்மா தொட முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் காதுக்குப் பின்னால் கை கொண்டுபோவாள். அதற்கும் முன்னால் என் பக்கம் திரும்பி, "மச்சான், இவங்க யார் வீடு?" என்பாள். எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் இந்தக் கரையில் யார் யாருக்கு என்ன முறை என்று ஏழு தலைமுறை மனப்பாடம். "கேலி முறை, நடத்து" என்று நான் சொன்னால் அவள் வாயைத் திறப்பாள். அண்ணன் தம்பி முறை என்றால் வாயை மூடிக்கொண்டு கயிற்றைக் காட்டுவாள். அவர்களே எடுத்து மாட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருநாள் நான் மதியத் தூக்கத்தில் இருந்தபோது, புதிதாக வந்த போலீஸ்காரன் ஒருவனின் மூக்கைச் சேம்பங்கிழங்கு என்று சொல்லிவிட்டாள். பிறகு விசாரித்தால் அவளுக்குத் தம்பி முறை. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, என்னிடமே ஒரு கட்டு யங்கோனா வேர் எடுத்துக்கொண்டு, அவன் வீட்டு வாசலில் சம்மணமிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவனோ, "அக்கா கோபிச்சுக்கிட்டாங்களோன்னு நான் பயந்துட்டேன்" என்று சோறு போட்டு அனுப்பினான்.

அப்படிப்பட்டவளின் முன்னால், போன மாதம், அபிசாயின் கண்ணாடி வந்து விழுந்தது.

என் அம்மாவுக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவர் மகன் அபிசாய். இளையவர் மகள் உனைசி. இருவரும் எனக்கு மாமன் மக்கள், அதனால் எனக்குக் கேலிக்கு உரியவர்கள். அவர்களுக்குள் அப்படி இல்லை. ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தங்கைக்குச் சமம். தங்கை அண்ணனிடம் நேரே பேசக் கூடாது, கேலி கூடாது, தலையைத் தொடுவது கனவிலும் கூடாது. நாற்பத்தெட்டு வருஷமாக அவர்கள் நடுவில் நான்தான் தபால்.

அதற்கு முன்னால் நாங்கள் மூவரும் ஒரே கூட்டம். காலையில் பவளப்பாறைக்குப் போனால் பசித்தால்தான் திரும்புவோம். அபிசாய் அப்போதே கைக்காரன். மென்மரத்தைக் குடைந்து, உடைந்த ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து வைத்து, சீமைப்பலாப் பாலால் ஓட்டையை அடைத்து, முங்கிப் பார்க்கிற கண்ணாடி செய்வான். முகத்துக்கு முகம் மரத்தைச் செதுக்கித் திருத்துவான். உனைசிக்குச் செய்ததை அவள் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, "சிரி பார்ப்போம்" என்பான். சிரித்தால் கன்னம் எழும்பும், தண்ணீர் உள்ளே வரும். மறுபடியும் செதுக்குவான். அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்ததும் பெரியவர்கள் கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது.

அபிசாய் முப்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறான். காலையில் கிழக்கே போகும்போது சூரியன் முகத்தில். சாயங்காலம் மேற்கே திரும்பும்போதும் சூரியன் முகத்தில். வழியெல்லாம் கடல் கூச்சம். வெளிச்சத்தில் தானே பழுப்பாகும் கண்ணாடியை டாக்டர் எழுதிக் கொடுத்தார். சுவாப் பட்டணத்தில் இருக்கும் மருமகள் அதற்குப் பிரேம் எடுத்தாள். கட்டை மாதிரி தடித்த கறுப்புக் கம்பி. வியர்த்தால் வழுக்கும். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு விரல் மூக்கில். அலுத்துப்போய் நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஓட்டுவான். அப்படி ஓட்டும்போதுதான் கொப்பரை லாரியின் பக்கத்தை உரசிவிட்டான். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்: திங்கட்கிழமை மேற்பார்வையாளர் கூடவே வருவார், போக வர கண்ணாடி கண்ணில் இருக்க வேண்டும், கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவன் மனைவி லைசானி அந்தக் கண்ணாடியைச் சனிக்கிழமை கொண்டுவந்து கதவின் மேல் வைத்தாள். "சரி பண்ணிக் கொடு. பஸ்ஸ விட்டா அந்த மனுஷன் வீட்டுல உட்கார்ந்து என்னையத்தான் ஓட்டுவாரு."

உனைசி எடுத்துப் பார்த்தாள். "முகம் இல்லாம எப்படிச் சரி பண்றது?"

"முகம் இங்க வராதே!"

உனைசி கண்ணாடியை பிஸ்கட் டப்பாவின் மேல் வைத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "மச்சான், பஸ்காரரு உன் கடைக்கு யங்கோனா குடிக்க வரலாமே. உன் கடைக்கு யாரு வந்தா எனக்கென்ன?"

வந்தான். என் பெஞ்சில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான் அபிசாய். அவளும் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லு," என்றாள் என்னிடம்.

"திரும்புடா. உன்னப் பார்க்க இந்தச் சந்தையில ஒரு கோழி கூட வராது, சும்மா திரும்பு."

தாழைநார் ஒன்றைக் கண்ணாடிக் கம்பியின் கீலிலிருந்து காதின் பின்வளைவு வரை பிடித்து அளக்கச் சொன்னாள். நான் "துலோ" சொல்லி அளந்தேன். என் கை தடித்த கை. மூன்று முறை அளக்க வைத்தாள். "வளைவு அரை விரல் பின்னால இருக்கு. அதான் வழுக்குது. கம்பியும் வேண்டாம், அது பஸ்ஸோட வலப்பக்கத்துச் சைடு கண்ணாடியவே மறைக்குது." டப்பாவைக் கிளறி இரண்டு மெல்லிய கம்பிகளை எடுத்தாள். திருகினாள். பிளாஸ்கைத் திறந்தாள். நுனியை முக்கி, கட்டைவிரலால் வளைத்து, உள்பக்கம் இரண்டு ரப்பர் ஒட்டி, பின்னால் திரும்பாமலே கையை நீட்டினாள். நான் வாங்கி மாட்டினேன். மறுபடி கழற்றினேன். மறுபடி முக்கினாள். ஐந்து முறை. குனிந்தான், உதறினான், சிமிட்டினான். நழுவவில்லை.

"சிரிக்கச் சொல்லு," என்றாள்.

இது என் வேலை. "மச்சான், உன் பஸ்ஸுல ஏறின ஆடு நேத்து பாதி வழியில இறங்கி நடந்து வீட்டுக்குப் போயிடுச்சாம். நேரமாச்சுன்னு சொல்லுச்சாம்." அசையவில்லை. அவன் மனைவியின் சமையலைச் சொன்னேன், வழுக்கைத் தலையைச் சொன்னேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமை அவன் முகத்தில் இப்போதே வந்து உட்கார்ந்திருந்தது.

"விடுடா. சிரிக்கிற மாதிரியா இருக்கு? முப்பது வருஷம்," என்றான்.

முகம் பார்க்கும் கண்ணாடி தோளுக்கு மேலே அப்படியே நின்றது. அவள் குரல் வந்தது, என் பெயரைச் சொல்லித்தான்: "எலாய்சா மச்சான், உனக்கு ஞாபகம் இருக்கா? சீமைப்பலாப் பால் ஒட்டின கண்ணாடி. அத மாட்டிக்கிட்டுச் சிரிச்சா என்ன ஆகும்னு யாருக்காச்சும் தெரியுமான்னு கேளு."

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அபிசாயின் வாயோரம் முதலில் ஆடியது. பிறகு கன்னம். பிறகு தோள் குலுங்கக் குலுங்க, யங்கோனா தரையில் சிந்தச் சிந்தச் சிரித்தான். நான் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இருந்த இடத்தில் இருந்தது.

அவன் விரல் பழக்கத்தில் மூக்குக்குப் போய், செய்ய வேலை இல்லாமல் கீழே இறங்கியது. "சொல்லிடு அவகிட்ட," என்றான் என்னிடம். "தண்ணி உள்ள வரல."

இரண்டு முழத் தூரத்தில் இருந்தவளுக்கு நான் எழுந்துபோய்ச் சொன்னேன். முறை என்றால் முறைதான்.

திங்கட்கிழமை அவள் ஒரு கண்ணாடிகூட விற்கவில்லை. காலை ஏழு மணிக்கு, ரோட்டுக்கு முதுகு காட்டி நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியில் பஸ் போவதைப் பார்த்தாள். "ரெண்டு கையும்," என்றாள். அவ்வளவுதான். சாயங்காலம் நான்கரைக்கு, வெயில் முகத்தில் அறைய, பஸ் திரும்பி வந்து ஸ்டாண்டில் நின்றது. மேற்பார்வையாளர் இறங்கினார். எதையோ எழுதிக்கொண்டார். பஸ்ஸின் பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "நாளைக்கும் ஏழுக்கே எடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலிப் பஸ் ஷெட்டுக்குப் போக எங்கள் பின்வாசலை ஒட்டித்தான் வரும், வலப்பக்கம் எங்கள் பக்கம். அபிசாய் நேரே பார்த்துக்கொண்டு எங்களைத் தாண்டினான். பஸ்ஸின் முதுகு தெரிந்த பிறகுதான் உனைசி ரோட்டின் பக்கம், பஸ்ஸின் சைடு கண்ணாடிக்கு நேராகத் திரும்பினாள். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி இரண்டு கண்ணிலும் வைத்து, முங்கப் போகிறவள் போலக் கன்னத்தில் மூச்சை நிரப்பிக்கொண்டாள். அறுபது வயதுக்காரி. ஆடும் இல்லாத மாடும் இல்லாத ரோட்டில் பஸ் ஒரு ஹார்ன் அடித்தது. திருப்பத்தில் அது மறையும்வரை அவள் கையை இறக்கவில்லை, மூச்சையும் விடவில்லை.