கறுத்த விரல்கள்

வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வெயில் பட்டதும், சின்ன விரலில் பூசிய மை கறுக்கத் தொடங்கியது. வாசலில் துவக்கோடு ஒரு பொலிஸ்காரன் நின்றான். என் கை தானாகவே சட்டைப் பைக்குள் போய்விட்டது.

எண்பதுகளில், கிழக்கிலங்கையின் நெசவு ஊரான மருதமுனையில் பத்தாம் வகுப்புப் படித்தேன். ஒருநாள் இரசாயனப் பாடத்தில் உப்புத் தண்ணீருக்குள் வெள்ளி நைத்திரேற்று விட்டோம். அது பாலாய்த் திரண்டதைப் பார்த்த ஆசையில் நான் விரல்களை நனைத்துக்கொண்டேன். மறுநாள் அவை கரியாய்க் கறுத்திருந்தன. அன்றுதான் ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. குண்டு செய்கிறவர்களைத் தேடி, பொடியன்மாரின் கைகளைப் புரட்டிப் பார்த்தபடி வீடு வீடாக வந்தார்கள்.

“இதென்னடா கையில?” வாப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“கெமிஸ்ட்ரியில பட்டது வாப்பா. தோல் உரிஞ்சாத்தான் போகும் எண்டு சேர் சொன்னாரு.”

“அவனுகளுக்கிட்ட கெமிஸ்ட்ரி எண்டு வாயத் தொறந்திராத!”

சாரம் நெய்ய நூல் தோய்த்துக்கொண்டிருந்த நீலச் சாயத்துக்குள் என் இரு கைகளையும் முழங்கை வரை அமுக்கினார். சாயம் இன்னும் ஆறவில்லை. நான் கத்தப் போக, உம்மா வாயைப் பொத்தினார்.

ஆமிக்காரன் என் விரல்களை மோந்து பார்த்தான். பிறகு வாப்பாவின் நீலக் கைகளைப் பார்த்தான், தறியைப் பார்த்தான். எனக்குக் கால் வழியே மூத்திரம் போனது. அவன் அடுத்த வீட்டுக்குப் போனான்.

வாசலில் நிற்கும் பொலிஸ்காரன் அப்போது பிறந்தே இருக்கமாட்டான். “போங்க ஐயா” என்று சிரித்துக்கொண்டு வழிவிட்டான். நான் கையை வெளியே எடுக்கவில்லை. இப்போது அதைச் சாயத்தில் முக்கிவிட வாப்பா இல்லை.