நிரம்பிய நிலவறை

ஜய வருஷம் ஐப்பசி 3. குளித்தேன், பழையது உண்டேன், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். சுண்ணாம்பில் கலக்கக் கொத்தனார் ஊறவைத்திருந்த கடுக்காய் வாடை, என் ஏழாம் வயதை இழுத்து வந்தது.

அப்போது நெல் கொட்டும் எங்கள் நிலவறையில் ஈரம் கசிந்ததால் அப்பா புதிதாகச் சுண்ணாம்பு பூசினார். பூச்சு தாங்குமா என்று பார்க்க, அறை நிறையத் தண்ணீரும் விட்டார். மூன்று நாளாகியும் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

"நெல்லு முத்தத்துல கெடக்கு, வானம் கறுக்குது. எறைச்சு விடுங்க," என்றாள் அம்மா.

"ஒழுகும்னு சொன்னது ஒங்கண்ணன்தான. ஜெயமங்கலத்துல இருந்து வந்து பாக்கட்டும்."

"வந்து நீச்சலடிக்கப் போறாகளா?"

மாமா வரவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக, அம்மா வீட்டு அழுக்குத் துணிகளையெல்லாம் நிலவறைக்குக் கொண்டுபோய்த் துவைக்கத் தொடங்கினாள். அப்பா வாளியை எடுத்துத் தண்ணீரை இறைத்தார்.