பாவாயி அம்மாளின் உப்பு பிஸ்கோத்து

பாவாயி அம்மாள் காலமான செய்தியைப் புளியஞ்சோலையில் என் வாசலுக்குக் கொண்டுவந்தவர், அவருடைய கொழுந்தனாரின் பண்ணையாள். மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து இறங்கி வந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது, துக்கம் தெரியவில்லை. "அந்தம்மா போயிட்டாங்க. எங்க கவுண்டருக்கு இனிமே தடையில்லீங்க" என்றார். இழவு சொல்ல வந்தவர் பேசுகிற பேச்சா இது? அந்தக் கவுண்டரின் பெயரை இந்த அஞ்சலியில் எழுதமாட்டேன். அந்த மரியாதைக்கு அவர் தகுதியற்றவர்.

அம்மாளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலைமேல் ஒரு துரையின் காப்பித் தோட்டத்து பங்களாவில் நான் கம்பவுண்டர், அவர் சமையல்கட்டில். துரைசானி சொல்லிக்கொடுத்த பிஸ்கோத்தை அவர் தம் வழிக்கு மாற்றிக்கொண்டார். கேழ்வரகு மாவு, கொஞ்சம் கோதுமை மாவு, வெண்ணெய், வெல்லம், பொடித்த கல்லுப்பு. வீட்டில் சுடுவதென்றால் மண்சட்டியில் மணல் பரப்பி, உள்ளே தட்டை இறக்கி, மூடிமேல் தணலைக் கொட்டுவார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று ஒருமுறை குறை சொன்னேன்.

"மொதல்ல இனிக்கோணுங்க கம்பவுண்டரே. முழுங்குன பொறகுதான் உப்புத் தெரியோணும்" என்று சிரித்தார்.

அவருடைய கணவர் காய்ச்சலில் கிடந்தபோது உடன்பிறந்த தம்பியான அந்தக் கவுண்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் கொடுத்த மருந்தும் காப்பாற்றவில்லை. கருமாதி முடிந்த மறுநாளே அந்தத் தம்பி அண்ணன் பயிர்செய்த காட்டில் நின்று மிளகுக் கொடிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் வாரிசு இல்லாத காடு பங்காளிக்குத்தான் என்று ஊர்க்கூட்டமும் கூட்டினார். அந்தக் காட்டை விட்டால் பாவாயி அம்மாளுக்கும் கைக்குழந்தை செல்லாயிக்கும் கஞ்சிக்கு வழி கிடையாது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கையால் உப்புத் தின்றவர், கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு எதிராகக் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. அதனால் வழக்கு உள்ளவர்கள் எதிராளி வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். இனிப்பை மட்டும் யாரிடமும் வாங்கிக்கொள்வார்கள். இனிப்புக்கு யார் உப்புப் போடுகிறார்கள்?

கூட்டத்தன்று பாவாயி அம்மாள் தட்டு நிறையப் பிஸ்கோத்து கொண்டுவந்து வைத்தார். வெல்ல வாசனைக்குக் கொழுந்தனார் மயங்கிவிட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக அள்ளிப் போட்டுக்கொண்டு, மீசையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டுப் பேச எழுந்தார்.

"செத்த இருங்க கொழுந்தனாரே" என்றார் அம்மாள். "எங்கூட்டு உப்பத் தின்னுபோட்டு எனக்கெதிரா எப்படிங்க பேசுவீங்க?"

"இனிப்புத்தானுங்களே அது!"

ஊர்ப் பெரியவர் ஒன்றை எடுத்து மெதுவாக மென்றார். "உப்பு இருக்குது. உக்காரப்பா" என்றார்.

அவர் உட்கார்ந்த அழகை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு குளிர்கிறது.

அதன்பின் அந்த மனிதருக்கு ஒரே வேலைதான்: அண்ணி எப்போது சாவார் என்று காத்திருப்பது. அம்மாளுக்கும் அது தெரியும். கடைசியாகப் பார்த்தபோது, "நான் போனதும் வந்து நிப்பாருங்க. எம்பேரச் சொல்லி ஒரு தட்டு நீட்டச் செல்லாயிகிட்டச் சொல்லியிருக்கறேன்" என்றார்.

மூன்றாம் நாள் சடங்குக்கு மலையேறினேன். கொழுந்தனார் ஆட்களோடு முன்னால் அமர்ந்திருந்தார். அந்த ஊர் வழக்கப்படி, இறந்தவர் பெயரால் கொடுப்பதை அன்று மறுத்தால் உறவு அறுந்தது. பங்காளி என்று சொல்லிக் காடு கேட்க முடியாது. வாங்கித் தின்றாலோ, கையால் கொடுத்தவர் உயிரோடு உள்ளவரை வாய்க்குப் பூட்டு. கல்யாண வயதுக்கு வளர்ந்துவிட்ட செல்லாயி நேராக அவரிடம் போய்த் தட்டை நீட்டினாள்.

"அம்மா பேரால எடுத்துக்கங்க சித்தப்பா. உப்புப் போட்டிருக்குதுங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பண்ணையாளைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், கடைசியில் ஒன்றை எடுத்துக் கடித்தார். தொண்டையில் அடைத்துக்கொண்டது போலும், கண்ணில் நீர் முட்டியது. தண்ணீர்ச் சொம்பு என் பக்கத்தில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அவர் முழுதும் விழுங்கி முடித்த பிறகே எனக்கொன்று எடுத்துக்கொண்டேன்.

உப்பு சரியாக இருந்தது, அம்மா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.